சூப்பர்சார்ஜரின் சுருதி

14 செப்டம்பர் 2024, சனி

வண்டி வீட்டுக்கு வந்து இன்றோடு ஏழு வாரம். பெரில் புயல் சாய்த்துவிட்டுப் போன வேலியை எடுத்து நிறுத்திய அதே வாரத்தில் வாங்கியது. 2003ஆம் வருட ஃபோர்டு எஃப்-150 லைட்னிங், கறுப்பு நிறம், பின் இருக்கை இல்லாத ஒற்றைக் கேபின். 5.4 லிட்டர் வி8 எஞ்சின், அதன் தலைமேல் ஈட்டன் கம்பெனியின் எம்112 சூப்பர்சார்ஜர், 380 குதிரைத்திறன். ஹூஸ்டனுக்கு வந்த புதிதில், ஐ-10 நெடுஞ்சாலையில் இப்படி ஒரு வண்டி என்னைத் தாண்டிப் போனது. எஞ்சின் உறுமலுக்கு மேலே மெல்லியதாக, நீளமாக, ஏறிக்கொண்டே போகும் ஒரு ஊளை. கண்ணாடியை இறக்கி, அது காதிலிருந்து மறையும்வரை கேட்டேன். பதினெட்டு வருடம் கழித்து அதே ஊளையை வாங்கி வாசலில் நிறுத்தியிருக்கிறேன்.

ஆனால் என் வண்டி அப்படிப் பாடவில்லை. ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதித்தால் ஏதோ போர்வைக்குள்ளிருந்து யாரோ விசிலடிப்பது போல இருக்கிறது. தொழிற்சாலையில் அடக்கித்தான் அனுப்பியிருக்கிறார்கள். அதைத் திறக்கப்போகிறேன். அக்டோபர் 11 ஆயுத பூசை. அதற்குள் முடிக்க வேண்டும். மேசைமேல் ஒரு சின்ன அட்டைப்பெட்டியும் வந்து உட்கார்ந்திருக்கிறது: சூப்பர்சார்ஜரை இன்னும் வேகமாகச் சுற்றவைக்கும், விட்டம் குறைந்த புல்லி. போன வாரமே வரவழைத்துவிட்டேன்.

15 செப்டம்பர், ஞாயிறு

காலையில் மகள் கேட்டாள், டர்போவுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று. பதினாறு வயது. கற்போர் உரிமம் வைத்திருக்கிறாள், கேள்வியும் அதற்கேற்றாற்போல் வருகிறது. பானெட்டைத் தூக்கிக் காட்டினேன். இரண்டுமே எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கிற வேலைதான். டர்போவைச் சுழற்றுவது வெளியேறும் புகை. சூப்பர்சார்ஜரைச் சுழற்றுவது எஞ்சினே. முன்னால் ஓடும் பெல்ட் வழியாக. அதனால்தான் கால் மிதித்த கணத்திலேயே பதில் வருகிறது, மூச்சுப் பிடித்துக் காத்திருக்க வேண்டியதில்லை.

உள்ளே இரண்டு உருளைகள். ஒவ்வொன்றிலும் மூன்று இதழ், திருகிவிட்ட முறுக்கு போல. ஒன்றையொன்று தொடாமல், முடியளவு இடைவெளியில் எதிரெதிராகச் சுற்றும். பின்வாயில் காற்றை அள்ளி, இதழ்களின் இடுக்கில் சுமந்துபோய் எஞ்சின் பக்கம் கொட்டும். இந்தப் பெட்டி காற்றை உள்ளுக்குள் அமுக்குவதில்லை, கொண்டுபோய்க் கொட்டுகிறது, அவ்வளவே. ஒவ்வொரு இடுக்கும் திறக்கும்போது, முன்பே அந்தப் பக்கம் அடைந்துகிடக்கும் அழுத்தக் காற்று அதற்குள் பின்னோக்கிப் பாய்கிறது. அந்தப் பாய்ச்சல் ஒவ்வொன்றும் ஒரு தட்டல். வினாடிக்கு நூற்றுக்கணக்கான தட்டல்கள் சேர்ந்தால் ஊளை. எம்112 என்ற பெயரில் உள்ள 112, ஒரு சுற்றுக்கு அது சுமக்கும் காற்றின் கன அங்குலம். ஏறத்தாழ 1.8 லிட்டர்.

சத்தம் ஏன் சும்மா போகும்போது வருவதில்லை என்பதற்கும் காரணம் இருக்கிறது. மெதுவாகப் போகையில் ஒரு பைபாஸ் வால்வு திறந்துகொள்ளும். புளோயர், அதாவது இந்தச் சூப்பர்சார்ஜர், தள்ளிய காற்றே சுற்றி அதன் வாய்க்குத் திரும்பும். மிதித்ததும் வால்வு மூடும், அப்போதுதான் குரல் எழும். ஓட்டுபவரின் காலுக்கு மட்டும் பதில் சொல்லும் குரல் இது. எனக்கு இதில் பிடித்ததே அதுதான்.

மதியம் வேலையை ஆரம்பித்தேன். ஏர் பில்டர் பெட்டிக்குக் காற்று வரும் மூக்கு, மட்கார்டுக்குள் போகிறது. அங்கே பிளாஸ்டிக்கில் ஒரு சத்தமடக்கி. அதன் அடிப்படையை 19ஆம் நூற்றாண்டிலேயே ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற ஜெர்மன் அறிஞர் விளக்கிவிட்டார். சொம்பின் வாயில் ஊதினால் ஒரு குறிப்பிட்ட சுருதி எழும் அல்லவா, குழாயின் பக்கவாட்டில் அதே சொம்பை ஒட்டவைத்தால் அந்தச் சுருதியை அது விழுங்கிவிடும். வண்டியின் குரலை விழுங்கிக்கொண்டிருந்த சொம்பு இதுதான்.

கழற்றியாகிவிட்டது. இரண்டு கிளிப், ஒரு போல்ட், கொஞ்சம் நெளிப்பு. அதன் இடத்தில் ஹார்டுவேர் கடையில் வாங்கிய மூன்று அங்குல பிவிசி முழங்கை. நம் ஊரில் கழிவறைக் குழாய்க்குப் போடுவோமே, அதே சாமான். 1997 முதல் 2003 வரையான எஃப்-150 வைத்திருப்பவர்கள் நெடுங்காலமாகச் செய்துவரும் வித்தைதான், நானாகக் கண்டுபிடித்ததல்ல. பத்து டாலருக்குள் முடிகிறது. பிடிக்காவிட்டால் பழையதை மாட்டிவிடலாம்.

இதில் ஒன்றை மட்டும் விடாப்பிடியாகக் காத்தேன். பில்டருக்கு முன்னால் எதை வேண்டுமானாலும் மாற்றலாம். பில்டருக்குப் பின்னால் காற்றை அளக்கும் சென்சார் இருக்கிறது. அந்தக் குழாயின் விட்டத்தைத் தொட்டால் அளவு பொய்யாகும், பெட்ரோல் குறையும், அழுத்தக் காற்று நிறைந்த எஞ்சினில் பெட்ரோல் குறைந்தால் பிஸ்டன் போகும். எண்ணெய் தடவிய துணிப் பில்டரும் வேண்டாம் என்று வைத்தேன். எண்ணெய் பறந்து சென்சார் கம்பியில் படியும். காகிதப் பில்டர் போதும்.

17 செப்டம்பர், செவ்வாய்

பக்கத்து வீட்டம்மா மெடிக்கல் சென்டரில் இரவுப் பணி நர்ஸ். பகலில் தூங்குகிறவர். நேற்று அவர் வேலைக்குக் கிளம்பும்போது வேலியோரம் நின்று, வண்டியின் சத்தம் தொந்தரவாக இருக்கிறதா என்று நானே கேட்டேன். புகைக்குழாய்ச் சத்தம்தான் சுவரைத் தாண்டி வருகிறது, அந்த விசில் கேட்பதில்லை என்றார். யோசித்தால் சரிதான். தாழ்ந்த சத்தம் சுவரைத் துளைக்கும், கீச்சென்பது சுவரில் நின்றுவிடும்.

அதனால் புகைக்குழாய் பக்கம் கை வைப்பதே இல்லை என்று முடிவு செய்துவிட்டேன். மப்ளர் இருந்தே ஆக வேண்டும் என்பது டெக்சாஸ் சட்டமும்கூட. 85 டெசிபலைத் தாண்டினால், காவலர் ஒருமுறை எச்சரித்தபின், அது நியாயமற்ற சத்தம் என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். சட்டத்தைவிட, இரவெல்லாம் நோயாளிகளோடு நின்றுவிட்டு வந்து படுக்கும் ஒருவரின் தூக்கம் எனக்குப் பெரிது. காலை எட்டு மணிக்கு முன்னும் மாலை ஐந்துக்குப் பின்னும் மட்டும் வாசலில் எஞ்சினை முடுக்குவேன் என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன்.

19 செப்டம்பர், வியாழன்

வேலை முடிந்து வரும் வழியில், இந்த மாதிரி வண்டிகளைப் பார்க்கும் பட்டறை ஒன்றில் நிறுத்தினேன். சத்தம் வேண்டுமா, புல்லியைச் சின்னதாக்கு என்றார்கள். அதைத்தானே வாங்கி வைத்திருக்கிறேன் என்று சந்தோஷமாக வீட்டுக்கு வந்தேன். வந்து, சாப்பிட்டுவிட்டுத் தாளும் பேனாவுமாக உட்கார்ந்தபோது சந்தோஷம் இறங்கியது.

என் வண்டியில் அளந்தால், கீழ்ப் புல்லியின் விட்டம் மேல் புல்லியைப் போல் ஏறத்தாழ இரண்டரை மடங்கு. எஞ்சின் 4,800 சுற்று ஓடினால் புளோயர் 12,000 சுற்று. வினாடிக்கு 200. மூன்று இதழ் கொண்ட இரண்டு உருளை, ஆகவே சுற்றுக்கு ஆறு தட்டல். வினாடிக்கு 1,200. இதுதான் நான் கேட்கும் ஊளையின் சுருதி. மேல் புல்லியைச் சின்னதாக்கினால் புளோயர் இன்னும் வேகமாகச் சுற்றும், சுருதி கூடும், சத்தமும் கூடும். உண்மைதான்.

ஆனால் கூடவே அழுத்தமும் கூடும். இப்போதே சதுர அங்குலத்துக்கு 8 பவுண்டு. ஹூஸ்டனின் 35 டிகிரி வெயில் காற்றை இப்படித் திணித்தால், தோராயக் கணக்கில் புளோயரை விட்டு வரும்போது அது நூறு டிகிரி செல்சியஸைத் தொடுகிறது. கீழே தண்ணீரால் குளிர்விக்கும் இன்டர்கூலர் இருப்பதால் எஞ்சின் பிழைக்கிறது. இன்னும் அழுத்தினால் இன்னும் சூடு. சூடான காற்றும் பெட்ரோலும் சிலிண்டருக்குள், தீப்பொறி மூட்டிய சுடர் வந்து சேரும் முன்பே தானாக வெடிக்கத் தொடங்கும். அதைத் தடுக்க கம்ப்யூட்டரில் பெட்ரோல் அளவையும் தீப்பொறி நேரத்தையும் திருத்தி எழுத வேண்டும், ஸ்பார்க் பிளக் மாற்ற வேண்டும். இத்தனையும் இருபத்தொரு வயது எஞ்சினில்.

எனக்கு வேண்டியது குதிரைத்திறன் அல்ல, குரல். குரலுக்காகக் குதிரையைச் சவுக்கால் அடிப்பது முறையல்ல. பெட்டி பிரிக்கப்படாமலே மேசையில் கிடக்கட்டும்.

21 செப்டம்பர், சனி

இன்று ஓட்டிப் பார்த்தோம், நானும் மகளும். மேற்கே புரூக்‌ஷயர் பக்கம். கேட்டி ஊரைத் தாண்டினால் இன்றும் பழைய நெல் உலர்த்தும் கூடங்கள் உயரமாக நிற்கின்றன. இந்தப் பகுதி முழுக்க ஒரு காலத்தில் நெல் விளைந்த மண். நெடுஞ்சாலையில் ஏறும் சாய்தளத்தில் முழுக்க மிதித்தேன்.

திறந்துவிட்டது! போர்வை விலகியது போல. முதலில் தாழ்வாக ஒரு முனகல், பிறகு சுற்று ஏற ஏற நாகசுரக்காரர் மூச்சை இழுத்துப் பிடித்து மேலே மேலே போவது போல் ஒரே இழை. வேகம் அறுபத்தைந்து மைலைத் தொட்டதும் காலை எடுத்தேன். பைபாஸ் திறந்து ஒரு பெருமூச்சோடு அடங்கியது. மகள் கைப்பேசியில் அளவு பார்த்துக்கொண்டிருந்தாள். கேபினுக்குள் பழைய குழாயில் 84 டெசிபல் காட்டியது, இன்று 89. கைப்பேசிக் கணக்கு துல்லியமாக இராது, ஒப்பிட உதவும். இரண்டு முறை திரும்பிப்போய் அதே சாய்தளத்தில் ஏறினோம்.

வீட்டுக்கு வந்து, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, பானெட்டைத் திறந்து நின்றபோதுதான் இன்னொன்று காதில் விழுந்தது. நின்ற நிலையில் கடகடவென்று, தகர டப்பாவில் புளியங்கொட்டையைப் போட்டுக் குலுக்குவது போல. கொஞ்சம் ஆக்ஸிலேட்டர் கொடுத்தால் மறைகிறது. முன்பே இருந்திருக்கும், சத்தமடக்கி அதையும் சேர்த்து மூடியிருக்கிறது.

ஒரு நிமிடம் பதிவு செய்து அப்பாவுக்கு அனுப்பினேன். நாமக்கல்லில் ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை. சேந்தமங்கலம் ரோட்டுப் பட்டறையை விட்டுப் பத்து வருடமாகிறது, ஆனாலும் லாரி சத்தத்தில் அவருக்கு இணை நான் இன்னும் பார்த்ததில்லை. பத்து நிமிடத்தில் கூப்பிட்டார்.

"என்ன கண்ணு, லாரி வாங்கிட்டயா?"

"லாரி இல்லீங்கப்பா, பிக்கப்பு. சூப்பர்சார்ஜர் வெச்சது."

"எதுவோ. இதுல ரெண்டு சத்தம் இருக்குது சாமி. ஒண்ணு காத்து. அது நல்லாருக்குது. இன்னொண்ணு அடியில கடகடங்குது பாரு, நிக்கறப்ப மட்டும். அது தேய்மானம்."

"ஆக்ஸில் குடுத்தா நின்னுருதுங்கப்பா."

"நிக்கல, மறையுது. ஸ்க்ரூ டிரைவரு வெச்சுக் கேட்டயா?"

கேட்கவில்லை. போனை வைத்துவிட்டு நீளமான ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன். முனையைப் புளோயரின் முன்பக்கம் புல்லி இருக்கும் மூக்கில் ஊன்றி, கைப்பிடியைக் காதெலும்பில் அழுத்தினேன். பன்னிரண்டு வயதில் அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்தது. டாடா 1210 எஞ்சினில் எந்த பேரிங் போகிறதென்று அப்படித்தான் கண்டுபிடிப்போம். உள்ளே கடகடப்பு மட்டுமல்ல. அதற்கும் கீழே மணல் அரைபடுவது போல் ஒரு கரகரப்பு. பின்பக்கம் ஊன்றினால் சுத்தமாக இருக்கிறது. மூக்கில்தான் கோளாறு.

நான் மகிழ்ந்து கேட்ட 89இல் எவ்வளவு காற்று, எவ்வளவு தேய்மானம்? படுத்தபின்னும் இதே யோசனை.

24 செப்டம்பர், செவ்வாய்

வேலை அதிகம். எரிவாயுக் குழாய்வழி அமுக்கி ஒன்று அதிர்வு காட்டுகிறது என்று பகலெல்லாம் அங்கே.

இரவு உதிரிபாகம் தேடினேன். மூக்குக்குள் புல்லித் தண்டையும் உருளையின் பல்சக்கரத்தையும் இணைக்கும் வட்டமான கப்ளர், முன் பேரிங், ஆயில் சீல், புளோயருக்கென்றே உள்ள மெல்லிய செயற்கை எண்ணெய். எல்லாம் கிடைக்கிறது. நல்லவேளை, இந்த ஈட்டன் புளோயர் பல வண்டிகளில் வந்ததால் உதிரிக்குப் பஞ்சமில்லை.

இந்த இயந்திரத்தின் பெயரைப் பற்றி ஒன்று எழுதிவைக்க வேண்டும். இதை ரூட்ஸ் புளோயர் என்பார்கள். கோவைக்காரர்களுக்கு ரூட்ஸ் என்றால் ஹாரன்தான் நினைவுக்கு வரும். இது வேறு. அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் கானர்ஸ்வில் என்ற ஊரில் பிலாண்டர், பிரான்சிஸ் என்ற ரூட்ஸ் சகோதரர்கள் 1860இல் இதற்குக் காப்புரிமை வாங்கினார்கள். காருக்காக அல்ல, அப்போது கார் ஏது? இரும்பு உருக்கும் உலைகளுக்கும் சுரங்கங்களுக்கும் காற்றடிக்கத்தான் அது பயன்பட்டது. 1920களில் மெர்சிடிஸ் கார்களில் ஏறி, மிதியை முழுக்க அழுத்தினால் மட்டும் அலறியது. 1938இல் ஜெனரல் மோட்டார்ஸின் இரண்டு வீச்சு டீசல் எஞ்சின்களில், புகையைத் தள்ளிப் புதுக்காற்று நிரப்ப வந்தது. அதில் 6-71 என்ற எஞ்சினுக்கு ஆறு சிலிண்டர், ஒவ்வொன்றும் 71 கன அங்குலம். பழைய லாரிகளிலிருந்து அந்தப் புளோயரைக் கழற்றித் தங்கள் பந்தயக் கார்களின் தலையில் வைத்தார்கள் அமெரிக்க இளைஞர்கள். பானெட்டைப் பிளந்துகொண்டு நிற்கும் அந்த வெள்ளிப் பெட்டியின் வரலாறு அங்கே தொடங்குகிறது.

என் முதல் வேலை திருப்பூரில், சாயக் கழிவுநீர் நிலையத்தில். தொட்டிக்குள் காற்றுக் குமிழ் விடுவதற்கு இரண்டு இதழ் ரூட்ஸ் புளோயர்கள் நான்கு, இரவும் பகலும். அங்கே எங்கள் ஆபரேட்டர் அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு மூணாம் நம்பருக்கு எண்ணெய் குறைஞ்சிருக்கு என்பார். போய்ப் பார்த்தால் குறைந்திருக்கும். இருபத்தைந்து வருடமாக இந்த ஊளையோடு எனக்கு உறவு இருக்கிறது என்பது இதை எழுதும்போதுதான் உறைக்கிறது.

28 செப்டம்பர், சனி

திறந்தாயிற்று.

வண்டி இரவெல்லாம் ஆறியிருந்தது. சமதரையில் நிறுத்தி, முதலில் எண்ணெய்த் திருகை மட்டும் கழற்றிப் பார்த்தேன். அளவு மரையின் அடிவிளிம்பில் நிற்க வேண்டும். ஒரு கம்பியை வளைத்து உள்ளே விட்டேன். வெகு ஆழத்தில்தான் நனைந்தது. நுனியில் ஒட்டி வந்தது கறுப்பு. வாடை சொல்லி மாளாது; அழுகிய மீனையும் எரிந்த ரப்பரையும் சேர்த்தது போல. இந்த எண்ணெய் பழசானால் நாறும் என்று தெரியும், இவ்வளவு என்று தெரியாது.

பழைய சொந்தக்காரர் கொடுத்த காகிதக் கட்டில் ஒரு பட்டறையின் ரசீது இருக்கிறது. மூன்று வருடத்துக்கு முன் புளோயர் எண்ணெய் மாற்றியதாகப் பணம் வாங்கியிருக்கிறார்கள். அந்தத் திருகின் ஓரத்தில் படிந்து இறுகிப்போயிருந்த அழுக்கை இன்று கத்திமுனையால் சுரண்டித்தான் நான் ஸ்பேனரையே வைக்க முடிந்தது. மூன்று வருடத்தில் சேர்ந்த அழுக்கல்ல அது. யாரும் தொட்டதே இல்லை. எழுதியதைச் செய்திருந்தால் இந்த பேரிங் பிழைத்திருக்கும். வேலை செய்யாமல் ரசீது எழுதுவது திருட்டு. அப்பா பட்டறையில் அதற்கு வேறு பெயர் கிடையாது.

பெல்ட்டைத் தளர்த்திக் கழற்றி, மூக்கைச் சுற்றியிருந்த போல்ட்டுகளைக் குறுக்குக் குறுக்காக இளக்கினேன். மரச் சுத்தியலால் இரு பக்கமும் மாறி மாறித் தட்ட, பசை விட்டு மெல்ல அசைந்து வந்தது. உள்ளே கையளவு வட்டத்தட்டு, அதுதான் கப்ளர். ஆறு துளை, தண்டிலிருந்து மூன்று ஊசி, பல்சக்கரத்திலிருந்து மூன்று ஊசி, மாறி மாறி அந்தத் துளைகளில் உட்காரும். புதிய கப்ளரில் துளை முழு வட்டம். பழையதில் ஒவ்வொன்றும் கோழிமுட்டை வடிவம். விரலை விட்டால் ஒரு பக்கம் பள்ளமாக, வழவழவென்று தேய்ந்திருக்கிறது. எஞ்சின் நின்ற நிலையில் ஓடும்போது ஒவ்வொரு சிலிண்டர் வெடிப்புக்கும் தண்டு லேசாக வேகம் கூடிக் குறையும். அப்போது ஊசி அந்தப் பள்ளத்துக்குள் முன்னும் பின்னும் மோதும். கடகடப்பு அதுதான். மிதித்தால் ஊசி ஒரே பக்கமாக அழுந்தி நின்றுவிடும், சத்தம் மறைந்துவிடும். நிற்கவில்லை, மறைகிறது என்றாரே.

பேரிங்கைக் கையில் வைத்துச் சுழற்றினேன். சுழலும்போது விரலுக்குள் மணல் உருள்வது தெரிந்தது. உருளைகளின் இதழ் நுனிகளை விளக்கடித்துப் பார்த்தேன். கீறல் இல்லை. சுவரோடு உரசவில்லை. பின் பேரிங் நன்றாக இருக்கிறது. இன்னும் சில மாதம் இதே குரலை ரசித்து ஓட்டியிருந்தால் தண்டு ஆடி, உருளைகள் ஒன்றோடொன்று உரசி, அலுமினியத் தூளை எஞ்சின் விழுங்கியிருக்கும்.

மகள் பழைய கப்ளரை நாளிதழில் சுற்றி எடுத்து வைத்துக்கொண்டாள். தாத்தாவுக்குக் காட்ட வேண்டுமாம்.

5 அக்டோபர், சனி

நண்பர் ஒருவரின் பட்டறையில் ஹைட்ராலிக் பிரஸ் இருக்கிறது. புது பேரிங்கை அதில் வைத்து அழுத்தினோம். வெளி வளையத்தைத்தான் அழுத்த வேண்டும். உள் வளையத்தை அழுத்தினால் குண்டுகள் வழியாக விசை போய், புது பேரிங் போடும்போதே கெட்டுவிடும். பழைய பேரிங்கின் வளையத்தையே தாங்கலாக வைத்தோம். சீல் விளிம்பில் எண்ணெய் தொட்டு உட்கார வைத்தேன். கப்ளர், மெல்லிய பசைக்கோடு, போல்ட்டுகள் குறுக்குக் குறுக்காக, டார்க் ரென்ச்சில் அளவுப்படி. எண்ணெயை ஊசிக்குழாயால் மரையின் அடிவிளிம்பு வரை. மேலே ஒரு சொட்டுகூட இல்லை; அதிகமானால் சீலைத் தள்ளிக்கொண்டு வெளியேறும்.

பசை காய ஒரு இரவு. ஓட்டிப் பார்க்கக் கை துடிக்கிறது. நாளைக்கு.

6 அக்டோபர், ஞாயிறு

நின்ற நிலையில் கடகடப்பு அறவே இல்லை. ஸ்க்ரூ டிரைவரை ஊன்றிக் கேட்டால் மூக்கு முழுக்க ஒரே சீரான ரீங்காரம்.

அதே சாய்தளம், அதே மிதி. 87. போன தடவையைவிட இரண்டு குறைவு, பழைய குழாயைவிட மூன்று கூடுதல். அந்த இரண்டு டெசிபல் சாகப்போகும் பேரிங்கின் சத்தம். அதை இழந்ததில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. இன்று கேட்டது சுத்தமான காற்று. கரகரப்பு போனதால் இழை மெலிந்து, தெளிந்து, தூரம் போகிறது.

திரும்பி வந்தபின் மகள் தன் பாட்டு வகுப்புக்காக வைத்திருக்கும் சுருதி பார்க்கும் செயலியைத் திறந்து, பில்டர் பெட்டிக்கு அருகில் கைப்பேசியைப் பிடித்தாள். அவளுக்கு ஐந்து கட்டை. மேல் ஸட்ஜமம் 392. என் பழைய கணக்கைத் திருப்பிப் போட்டேன்: 392ஐ ஆறால் வகுத்து, அறுபதால் பெருக்கி, இரண்டரையால் வகுத்தால் எஞ்சின் சுற்று 1,570. மெல்ல மிதித்து முள்ளை அங்கே நிறுத்தினேன். வால்வு திறந்திருப்பதால் சன்னமாகத்தான் கேட்டது. திரையில் எண் கொஞ்சம் அலைந்து 390க்கும் 395க்கும் இடையே நின்றது. அவள் குனிந்து, அதே இடத்தில் ஸா பிடித்தாள். இரண்டும் ஒட்டிக்கொண்டன. நான் காலை அசைக்காமல் அப்படியே இருந்தேன். மனைவி கையில் கரண்டியோடு வாசலுக்கே வந்துவிட்டாள்.

"என்னங்க, ஒருதரம் கூட."

மூன்று தரம் செய்தோம். மணி ஐந்தரை. நர்ஸம்மா எழுந்திருக்கும் நேரம்தான்.

11 அக்டோபர், வெள்ளி

ஆயுத பூசை. வேலைக்கு விடுப்பு. காலையிலேயே வண்டியைக் கழுவி, முகப்பில் சந்தனமும் குங்குமமும் வைத்து, கராஜில் ஸ்பேனர் செட், டார்க் ரென்ச், அந்த நீள ஸ்க்ரூ டிரைவர் எல்லாவற்றையும் துணி விரித்து அடுக்கினோம். பொரி, கடலை, வாழைப்பழம். அப்பா வீடியோவில் இருந்தார். அங்கே இரவாகிவிட்டது, அவருடைய பூசை முடிந்துவிட்டது. முட்டை வடிவத் துளைகளை மகள் காட்டினாள். கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கிவிட்டுக் கிட்டே வைத்துப் பார்த்தார்.

"எண்ணெய் இல்லாம ஓடியிருக்குது. பாவம்."

வண்டியைச் சொன்னார். பிறகு ஓடும் சத்தத்தைக் கேட்கவேண்டும் என்றார். வாசலில் நிறுத்திக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை.

"இப்ப ஒரே சத்தந்தாங் கண்ணு."

12 அக்டோபர், சனி

விஜயதசமி. பேர்லேண்ட் மீனாட்சி கோயிலுக்கு வண்டியைக் கொண்டுபோனேன். மகள் பக்கத்தில், மனைவி அவள் காரில் பின்னால். நான்கு சக்கரத்தின் அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி ஏற்றி இறக்கினோம். வாகன பூசைக்கு வரிசையில் நின்றவர்களில் இளைஞர் ஒருவர், சூப்பர்சார்ஜர் வைத்த இன்னொரு வண்டிக்காரர், இவ்வளவு தெளிவாகக் கேட்கிறதே, புல்லி மாற்றினீர்களா என்று விசாரித்தார். பிவிசி முழங்கையைக் காட்டினேன். காட்டிவிட்டு அவர் வண்டியின் பானெட்டையும் திறக்கச் சொன்னேன். நின்ற நிலையில் மெலிதாக அதே புளியங்கொட்டைச் சத்தம்.

அவரிடம் சொன்னதையே இங்கும் எழுதிவைக்கிறேன், இப்படி வண்டி வைத்திருக்கும் யார் படித்தாலும் உதவட்டும். சத்தத்துக்கு ஒரு ரூபாய் செலவழிக்கும் முன், எஞ்சின் ஆறிய பிறகு, சமதரையில் நிறுத்தி, புளோயர் மூக்கின் எண்ணெய்த் திருகைக் கழற்றிப் பாருங்கள். ரசீதை நம்பாதீர்கள். கம்பியை விட்டுப் பாருங்கள்.

சின்ன புல்லியைப் பிரிக்காத பெட்டியோடு இன்று மாலை திருப்பி அனுப்பிவிட்டேன்.